நான் பாதியில் முடித்த சொல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மனக்காயம் பட்டவர்களுக்கான கவுன்சலிங் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான், குறை சொல்வதற்காக எழுதவில்லை. அதில் ஒரு வரி மட்டும் இரண்டு நாளாக என்னை விடவில்லை. கட்டடத்தில் சாய்தளமும் லிஃப்டும் இருப்பதால் மாற்றுத்திறனாளிகளும் எளிதில் வந்து பயன்பெறலாம் என்று இருந்தது. வந்து சேரலாம், சரி. வந்து உட்கார்ந்த பிறகு என்ன நடக்கிறது? அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நீளமாகிவிடும் போலிருக்கிறது. வெட்ட வேண்டியிருந்தால் வெட்டிக்கொள்ளுங்கள், என் தம்பியைப் பற்றி வரும் பகுதியில் மட்டும் கை வைக்காதீர்கள்.

தம்பிக்கு வயது 31. பிறந்ததிலிருந்தே பெருமூளை வாதம். கைகால் அவன் சொல் கேட்காது, நாக்கும் உதடும்கூட அப்படித்தான், அதனால் அவன் பேசுவது வீட்டில் இருக்கும் எங்களுக்கே பாதிதான் புரியும். காது நன்றாகக் கேட்கும். அறிவில் ஒரு குறையும் இல்லை, மனக்கணக்கில் என்னைத் தோற்கடிப்பான். எழுத்து அட்டை வைத்துத்தான் பேசுவான். பெரிய கருவி எல்லாம் இல்லை, ஒரு தடித்த அட்டை, மேலே உயிரெழுத்து 12, கீழே மெய் வரிசை 18, ஓரத்தில் ஆம், இல்லை, தப்பு, மறுபடி என்று நாலு கட்டம். இடது கையை மடக்கி ஒவ்வொன்றாகத் தொடுவான். கொ வேண்டுமென்றால் முதலில் க, அப்புறம் ஒ. புள்ளியெல்லாம் கிடையாது. ம என்று தொட்டால் அது ம-வா ம்-ஆ என்று இடம் பார்த்து நாங்கள்தான் படித்துக்கொள்ள வேண்டும். 247 எழுத்துக்கும் கட்டம் போட்டால் அட்டை மேசை அகலத்துக்குப் போய்விடும், அவன் கை எட்டாது. ஒரு வாக்கியத்துக்கு மூன்று நான்கு நிமிடம் பிடிக்கும், கை இறுகிப்போன நாளில் பத்து நிமிடம்கூட ஆகும். ஆம் என்றால் கண்ணை மேலே தூக்குவான், இல்லை என்றால் கீழே பார்ப்பான்.

இப்படி ஒருவர் வீட்டில் இருந்தால் மற்றவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் தானாக வந்துவிடும். அவர் முடிப்பதற்குள் சொல்லை நாமே முடித்துவிடுவோம். த, ண என்று தொட்டதுமே தண்ணீரா என்று எழுந்து போய்விடுவோம். பத்துக்கு ஒன்பது முறை சரியாகவும் இருக்கும். அந்தப் பத்தாவது முறையைப் பற்றி நான் யோசித்ததே இல்லை.

அவன் பகலில் ஒரு பராமரிப்பு மையத்துக்குப் போய்க்கொண்டிருந்தான். வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும், மாலையில் கொண்டுவந்து விடும். ஒருநாள் வந்ததும் அட்டையில் 'கை அடி' என்று தொட்டான். கையில் அடிபட்டுவிட்டதா, சக்கரத்தில் இடித்துக்கொண்டாயா என்று கேட்டேன். கீழே பார்த்தான். இரண்டு நாள் கழித்து 'அண்ணா அடி' என்றான். அண்ணா என்று அவன் சொன்னது அங்கே இருந்த உதவியாளரை. எங்களிடம் சிரித்த முகமாகப் பேசுகிற மனிதர், அவனை அலுங்காமல் தூக்கி வேனில் வைக்கிறவர். அவர் நல்லவர்டா, போகப் பிடிக்கவில்லை என்றால் அதைச் சொல், சும்மா ஒருத்தர்மேல் பழி போடாதே என்றேன். என் வாயால்தான் சொன்னேன். அதற்குப் பிறகு அவன் அதைப் பற்றிச் சொல்லவில்லை.

சொல்லவில்லையே தவிர, உடம்பு சொல்லிக்கொண்டே இருந்தது. வேன் ஹாரன் கேட்டால் முதுகு வில்லாக வளையும். ராத்திரி இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டு கதவையே பார்த்துக்கொண்டிருப்பான். டாக்டரிடம் கொண்டுபோனோம். பெருமூளை வாதத்தில் வயது ஏற ஏற இறுக்கம் கூடும், சகஜம்தான் என்று சொல்லி, தசை இறுக்கத்துக்கான மாத்திரையின் அளவைக் கூட்டினார். பகலெல்லாம் தூங்கி வழிந்தான். அடங்கிவிட்டான், மருந்து வேலை செய்கிறது என்று நாங்கள் நிம்மதியாக இருந்தோம். நிம்மதியாக என்று எழுதும்போது கை கூசுகிறது.

ஒரு மனிதருக்கு ஏற்கெனவே ஒரு குறைபாட்டின் பெயர் ஒட்டியிருந்தால், அவருக்கு வருகிற எல்லாவற்றையும் அந்தப் பெயருக்கே வரவு வைத்துவிடுகிற இந்த வழக்கத்தை அமெரிக்க உளவியலாளர் ஸ்டீவன் ரைஸும் அவருடன் பணியாற்றியவர்களும் 1982லேயே ஆய்வுசெய்து எழுதியிருக்கிறார்கள். பெரிய குறைபாட்டின் நிழல் விழுந்து, பக்கத்தில் இருக்கும் மனநோய் கண்ணுக்குத் தெரியாமல் போவது என்று அதற்குப் பெயரே உண்டு. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களைப் பற்றித்தான் அவர்கள் எழுதினார்கள், ஆனால் அந்த நிழல் எல்லார் மீதும் விழுகிறது. ஆட்டிசம் உள்ள குழந்தை திடீரென்று தலையைச் சுவரில் மோதிக்கொள்ள ஆரம்பித்தால் ஆட்டிசம். டவுன் சிண்ட்ரோம் உள்ள இளம்பெண் பல வருடம் கழித்துப் படுக்கையை நனைத்தால் அவளுக்கு அப்படித்தான். மற்ற வீட்டுப் பிள்ளை இதே மாதிரி திடுமென மாறினால் 'என்னடா நடந்தது' என்று கேட்க மாட்டோமா? இவர்களிடம் மட்டும் யாரும் கேட்பதில்லை.

இத்தனைக்கும் கேட்க வேண்டிய காரணம் இவர்கள் விஷயத்தில்தான் அதிகம். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலகில் ஆறில் ஒருவர், ஏறக்குறைய 130 கோடிப் பேர், குறிப்பிடத்தக்க அளவு குறைபாட்டோடு வாழ்கிறார்கள். 2012இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு, பணக்கார நாடுகளில் ஏற்கெனவே செய்யப்பட்ட பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து, குறைபாடு உள்ள குழந்தைகள் வன்முறைக்கு ஆளாகும் வாய்ப்பு மற்ற குழந்தைகளைவிட 3.7 மடங்கு என்று சொன்னது. ஏன் என்பதற்குப் பெரிய விளக்கம் தேவையில்லை. குளிப்பாட்டவும் உடை மாற்றவும் கழிப்பறைக்குக் கூட்டிப்போகவும் இன்னொருவர் கை தேவைப்படுகிற உடம்பு, எந்தத் தொடுதல் சரி எது தப்பு என்று தனியாக யாரும் சொல்லித்தராத உடம்பு, அப்புறம் நடந்ததைச் சொல்ல மொழி இல்லாத, சொன்னாலும் நம்பப்படாத வாய். தவறு செய்கிறவனுக்கு இதைவிட வசதியான இடம் ஏது?

எங்கள் விஷயம் எப்படி வெளியே வந்தது என்றால், அதே மையத்துக்கு வருகிற வேறொரு பிள்ளையின் அம்மா, மகன் மணிக்கட்டில் கயிற்றுத் தடம் பார்த்துச் சண்டை போட்டார். அந்த உதவியாளர் வேலையை விட்டுப் போய்விட்டதாக மையத்தில் சொன்னார்கள். அவ்வளவுதான் அவர்கள் சொன்னது. அதை எழுத ஆரம்பித்தால் வேறு கடிதம் ஆகிவிடும், விடுங்கள்.

அப்புறம்தான் கவுன்சலிங். முதலில் போன இடத்தில் உங்கள் கட்டுரையில் சொன்ன எல்லாமே இருந்தது. சாய்தளம், லிஃப்ட், அகலக் கதவு, கைப்பிடி வைத்த கழிப்பறை. அறைக்குள் போய் நானும் அம்மாவும் அவனுக்கு இரு பக்கமும் உட்கார்ந்தோம். ஆலோசகர் அம்மாவைப் பார்த்து, 'பையன் நைட்ல எப்படித் தூங்கறான்?' என்று கேட்டார். 31 வயது. மீசை வைத்திருக்கிறான். அப்புறம் அவன் பக்கம் திரும்பி, குரலைக் கொஞ்சம் உயர்த்தி, 'சாப்டியா கண்ணா?' என்றார். அவன் மேலேயும் பார்க்கவில்லை, கீழேயும் பார்க்கவில்லை.

ஐம்பது நிமிடத்தில் அவன் சொன்னது பதினொரு சொல். வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தேன். மிச்ச நேரம் முழுக்க நாங்கள்தான் பேசினோம். மூன்றாவது முறை போனபோது ஆலோசகர், 'வீட்ல யார்கிட்டயாவது சொன்னானா, கேளுங்க' என்று என்னிடம் சொன்னார். நான் கேட்டேன். அவன் தொட ஆரம்பித்தான். அ, க, க, ஆ. அக்கா. கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டான். ந. ம. ப. நான் வழக்கம்போல முடித்துவிட்டேன். 'அக்கா மேல நம்பிக்கை இருக்குன்னு சொல்றான்' என்றேன். ஆலோசகர் புன்னகைத்துத் தலையாட்டிக்கொண்டே எழுதினார். அவன் கை இன்னும் அட்டைமேல்தான் இருந்தது. அடுத்த எழுத்தைத் தொட்டான். ல.

நம்பல.

நம்பிக்கை என்றால் ப-வுக்கு அடுத்து இ-க்குத் தான் கை போயிருக்கும், அது மேல் வரிசை. அவன் கை கீழ் வரிசையிலேயே இருந்தது. நான் பார்த்தேன், பார்க்கவில்லை என்று பொய் சொல்ல முடியாது. அவன் என்னைப் பார்த்துக் கண்ணைக் கீழே இறக்கினான். நான் சொன்னதைத் திருத்தவில்லை. அம்மா பக்கத்தில் இருந்தார்கள், ஆலோசகர் எழுதிக்கொண்டிருந்தார், நேரமும் முடியப் போகிறது, இப்போது போய் எதற்கு என்று நினைத்தேனா, அல்லது எதுவுமே நினைக்கவில்லையா, இப்போது சொல்லத் தெரியவில்லை. அடுத்த முறை அவன் அட்டையைத் தொடவே மறுத்துவிட்டான். ஒத்துழைப்பு இல்லை, வீட்டில் சந்தோஷமாக வைத்துக்கொள்ளுங்கள், அதுவே போதும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

ஆசிரியர் அவர்களே, நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். மனக்காயத்துக்கான கவுன்சலிங்கில் வீட்டாரை மொழிபெயர்ப்பாளராக உட்கார வைக்காதீர்கள். அது அவருக்கும் நல்லதில்லை, வீட்டாருக்கும் நல்லதில்லை. நான் கெட்ட அக்கா இல்லை (என்று நினைக்கிறேன்). கெட்டவர்கள் வேண்டாம், சாதாரண மனிதர்களே போதும் இதைச் செய்ய. நான் அந்தக் கதையில் ஒரு பாத்திரம், என்னிடமே கதையைச் சொல்லச் சொன்னால் எனக்குப் பாதகமான வரி எப்படி வெளியே வரும்? என்னுடையது நம்பாமல் போன குற்றம் மட்டும்தான். சில வீடுகளில் அடித்ததே வீட்டில் இருப்பவராக இருக்கும். அவரையே பக்கத்தில் உட்கார வைத்து, 'உங்க தம்பி என்ன சொல்றார்?' என்று கேட்டால் என்ன பதில் வரும்?

காது கேளாதவர்களுக்கும் இதே கதைதான். காது கேளாத குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் காது கேட்கும் பெற்றோருக்குப் பிறக்கிறவர்கள். பல வீடுகளில் பெற்றோருக்குத் தெரிந்த சைகைகள் சாப்பிடு, தூங்கு, வா, போ, அவ்வளவுதான். அந்த நாலு சைகையை வைத்துக்கொண்டு அம்மா எப்படி மகளின் காயத்தை இன்னொருவருக்கு எடுத்துச் சொல்வார்? பயிற்சி பெற்ற சைகைமொழி மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஓர் ஊரில் சைகைமொழி தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருப்பார்கள், போன வாரம் கல்யாண வீட்டில் பார்த்தவரே இன்று கவுன்சலிங் அறையில் நடுவில் உட்கார்ந்திருப்பார். யாருக்கு வாய் வரும்? அதனால் வேறு ஊரிலிருந்து காணொலி வழியாக ஒருவரை வரவழைக்கும் ஏற்பாடும் இருக்க வேண்டும். அந்த மொழிபெயர்ப்பாளரும் மனிதர்தான், இன்னொருவர் பட்ட அடியை 'நான்', 'எனக்கு' என்று தன் கையாலேயே சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகிறவர். அவரோடும் பிறகு யாராவது உட்கார்ந்து பேச வேண்டும்.

உதவி எண்கள் என்று போடுகிறார்களே, அது இன்னொரு கூத்து. காது கேட்காதவர் தொலைபேசியில் என்ன செய்வார்? எழுதி அனுப்ப வழி இல்லை என்றால் அந்த எண் அவருக்கு இல்லை. என் தம்பி மாதிரி நாக்குக் குழறுகிறவர்கள் பேசினால் எதிர்முனையில் குடித்திருக்கிறான் என்று நினைத்து வைத்துவிடுகிறார்கள். மிகைப்படுத்தவில்லை, ஒரு ராத்திரி ஒலிபெருக்கியில் போட்டு அவனே பேசிப் பார்த்தான், நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். இருபது நொடிகூடத் தாங்கவில்லை.

இன்னொன்று, சொல்லே இல்லாத பிரச்சினை. பேச முடியாதவர்களுக்குப் படம் போட்ட அட்டைகள் தருகிறார்கள் அல்லவா, அதில் என்னென்ன படம் இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். பசி, தண்ணீர், கழிப்பறை, டிவி, பந்து, பள்ளிக்கூடம், சந்தோஷம், சோகம். அடித்தார் என்று படம் இல்லை, தொடாதே என்று இல்லை, உடம்பின் மறைவான உறுப்புகளுக்குப் பெயரே இல்லை, 'ரகசியம்' இல்லை, 'பயமாக இருக்கிறது, இங்கிருந்து கூட்டிப்போ' இல்லை. நல்லவர்கள் செய்த அட்டைதான், இந்தக் குழந்தைக்கு எதற்கு அந்த அசிங்கமான சொல்லெல்லாம் என்று விட்டுவிட்டார்கள். ஒருவரைக் காயப்படுத்திவிட்டு அவர் வாயிலிருந்து அந்த ஒரு சொல்லை மட்டும் பிடுங்கி வைத்துக்கொண்டது மாதிரி ஆகிவிடுகிறது. எழுத்து அட்டை வைத்திருந்த என் தம்பி அந்த வகையில் பாக்கியவான், எந்தச் சொல்லையும் கூட்டிச் சொல்லிவிடலாம். கேட்கத்தான் ஆள் வேண்டும்.

பார்வையற்றவர்களைப் பற்றி என் தோழி ஒருத்தி சொன்னதையும் எழுதிவிடுகிறேன், அவளுக்கே பார்வை கிடையாது. கவுன்சலிங்குக்குப் போனாள், ஆலோசகர் பாதியில் அமைதியாகிவிட்டார். வந்தவர்கள் பேசட்டும் என்று அமைதியாக இருப்பதை அவர்கள் பயிற்சியிலேயே சொல்லித்தருகிறார்கள் போலிருக்கிறது. கண் தெரிகிறவருக்கு அந்த அமைதியில் ஒரு முகம் தெரியும், தலையசைப்பு தெரியும். இவளுக்கு ஒன்றும் இல்லை. எழுந்து போய்விட்டாரோ, அறையில் வேறு யாராவது வந்து நிற்கிறார்களோ என்று பயம் பிடித்துக்கொண்டதாம், அவளுக்கு நடந்ததும் ஓர் அமைதியான அறையில்தான். கதை கேட்கிற குழந்தைகூட உம் கொட்டும், அந்த உம்-ஐக் கொட்டியிருந்தால் போதும் என்றாள். கதவு எந்தப் பக்கம், நடுவில் என்ன இருக்கிறது, யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள், நான் இப்போது தண்ணீர் எடுக்க எழுந்திருக்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்வதற்கு எந்த நிதி ஒதுக்கீடும் வேண்டாம்.

சிகிச்சை முறைகளே ஒத்துவராது என்று சில ஆலோசகர்கள் கைவிரிக்கிறார்கள். அப்படி இல்லை. 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்ப் பட்டியலில்தான் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு என்ற பெயர் முதலில் ஏறியது. போருக்குப் போய் வந்த சிப்பாய்களின் நிலைமை அதற்கு ஒரு பெரிய காரணம். அன்றிலிருந்து எத்தனையோ முறைகள் வந்துவிட்டன. அமெரிக்க உளவியலாளர் ஃபிரான்சின் ஷப்பிரோ 1987இல் தொடங்கிய முறை ஒன்று இருக்கிறது, நடந்ததை நினைத்துக்கொண்டே ஆலோசகரின் விரல் அசைவைக் கண்ணால் இடமும் வலமும் தொடர வேண்டும். 2013இல் உலகச் சுகாதார நிறுவனமே பெரியவர்களுக்குப் பரிந்துரைத்த முறைகளில் இதுவும் ஒன்று. கண் தெரியாதவருக்கு எப்படி என்று கேட்டால், இரண்டு உள்ளங்கையிலும் மாறி மாறித் தட்டலாம், இரண்டு காதிலும் மாறி மாறி ஒலி கொடுக்கலாம், அப்படியும் செய்கிறார்கள். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு நீண்ட கேள்வியை மூன்று சின்னக் கேள்வியாக உடைத்து, படம் வரைந்து, பொம்மை வைத்து, நேரத்தைக் குறைத்து நாட்களைக் கூட்டிச் செய்கிறார்கள். எல்லாவற்றுக்கும் பொதுவாகத் தேவைப்படுவது நேரம். ஐம்பது நிமிடம் என்று சுவரில் எழுதிப் போட்டிருக்கிறதே அந்த ஐம்பதுதான் படிக்கட்டு, அதற்கு யாரும் சாய்தளம் கட்டவில்லை. அதற்கு மேல் உட்கார்ந்தால் இரண்டு முறைக்கான கட்டணம் கேட்கிறார்கள். மெதுவாகப் பேசுகிறவருக்கு அபராதம் மாதிரி.

இதெல்லாம் தயவு தாட்சண்யம் பார்த்துச் செய்கிற காரியமும் இல்லை. ஐக்கிய நாடுகள் சபை 2006 டிசம்பரில் ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையில் 16ஆவது பிரிவு முழுக்க வன்முறை, சுரண்டல் பற்றியதுதான். அதன் நான்காவது பத்தி, அப்படிப் பாதிக்கப்பட்டவர்கள் உடலாலும் அறிவாலும் மனதாலும் மீண்டுவர அரசுகள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. கையெழுத்துப் போட்ட நாடுகளின் பட்டியல் நீளம். ஆஸ்திரேலியாவில் 2019 முதல் 2023 வரை மாற்றுத்திறனாளிகள் மீதான வன்முறையை விசாரிக்க ராயல் கமிஷன் என்கிற அரசு விசாரணைக் குழு ஒன்று உட்கார்ந்து 222 பரிந்துரைகளைக் கொடுத்தது. பரிந்துரைகளைவிட எனக்குப் பிடித்தது வேறு விஷயம். சாட்சி சொல்ல வந்தவர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் கவுன்சலிங் ஏற்பாடு செய்திருந்தார்கள். நடந்ததைத் திரும்பச் சொல்வதே இன்னொரு அடி, அதைத் தாங்க ஆள் வேண்டும் என்று யோசித்திருக்கிறார்கள் பாருங்கள்.

எங்கள் கதைக்கு வருகிறேன். எட்டு மாதம் கழித்து வேறொரு ஆலோசகர் கிடைத்தார். உங்களை மாதிரி ஒருவரிடம் நான் இதுவரை வேலை செய்ததில்லை, தப்பு வந்தால் நீங்கள்தான் சொல்லித்தர வேண்டும் என்று முதலிலேயே அவனிடம் சொன்னார். நீங்க என்றார். அவனை நீங்க என்று யாராவது கூப்பிட்டு நான் அதுவரை கேட்டதில்லை, வீட்டுக்கு வருகிற தபால்காரர் முதல் டாக்டர் வரை எல்லாருக்கும் அவன் வாடா போடாதான். அவன் சிரித்த சிரிப்பில் உடம்பெல்லாம் இழுத்துக்கொண்டது, அடங்க ஐந்து நிமிடம் ஆயிற்று. ஆலோசகர் காத்துக்கொண்டிருந்தார். அப்புறம் என்னைப் பார்த்து, இந்த அட்டையை எனக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு நீங்கள் வெளியே போகலாம் என்றார்.

எனக்குச் சுருக்கென்று இருந்தது, மறைக்கவில்லை. இருபது வருடமாக அவன் வாய் நான்தான். வெளியே நாற்காலியில் உட்கார்ந்து, உள்ளே அவர் எழுத்துக்கூட்டிப் படிப்பதைக் கதவு வழியாகக் கேட்டேன். ந... ம... என்று வாய்விட்டுச் சொல்லி, ஒவ்வொரு சொல் முடிந்ததும் 'முடிஞ்சுதா?' என்று கேட்டார். முடிந்ததா என்று நாங்கள் யாரும் அவனைக் கேட்டதே இல்லை. அப்புறம் நான் எழுந்து தள்ளிப்போய் உட்கார்ந்துகொண்டேன், கேட்கக் கூடாது என்று தோன்றியது. ஒன்றரை மணி நேரம், நடுவில் கைக்கு ஓய்வு. நாலைந்து வாரத்தில் அட்டையின் பின்பக்கத்தில் புதுக் கட்டங்கள் வந்தன, அவன் கேட்டு அவர் எழுதியவை. அடித்தார். கட்டினார். கதவு. நிறுத்து. பொய் இல்லை. அந்தக் கடைசிக் கட்டத்தைப் பார்த்துவிட்டு அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை.

குடும்பத்துக்கும் கவுன்சலிங் வேண்டும் என்று நான் சொல்வது இந்த இடத்தில்தான். குடும்பத்துக்கு என்று இப்போது தருவது பெரும்பாலும் எப்படிப் பார்த்துக்கொள்வது என்கிற வகுப்பு. எப்படித் தூக்குவது, எப்படி ஊட்டுவது, பொறுமையாக இருப்பது எப்படி. எங்களையும் ஒரு கருவியாகப் பார்த்து எண்ணெய் போட்டு அனுப்புகிறார்கள். என் அம்மாவை ஊரே தெய்வம் என்கிறது, தெய்வத்துக்குத் தூக்கம் வராது என்று யாருக்குத் தெரியும்? அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அம்மா வேன் சத்தம் கேட்டால் தானும் நடுங்குகிறார்கள். தனியாக ஒரு ஆலோசகரிடம் கூட்டிப்போனேன். நாற்பது நிமிடம் மகனைப் பற்றியே பேசியிருக்கிறார்கள். நீங்க எப்படி இருக்கீங்க என்று கேட்டதற்கு, எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கேன், அவன்தான் என்று மறுபடி அவனிடமே போய்விட்டார்களாம். இரண்டாவது முறை போகவில்லை. மனம் இல்லாமல் இல்லை, அந்த இரண்டு மணி நேரம் அவனை யார் பார்த்துக்கொள்வது? ஒரு மையத்தில் விட்டுவிட்டுப் போ என்று இனி எங்களிடம் யாரும் சொல்ல முடியாது. நம்பிக்கையான ஓர் ஆளை அந்த நேரத்துக்கு வீட்டுக்கு அனுப்பாமல் அம்மாக்களுக்குக் கவுன்சலிங் என்று அறிவிப்பது சும்மா பலகை எழுதி மாட்டுவதுதான்.

கூடப்பிறந்தவர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், நாங்கள் கணக்கிலேயே இல்லை. எங்களுக்குப் பிறகு அவனை நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பத்து வயதில் கேட்டது, கேட்டது கேட்டபடி உள்ளே கிடக்கிறது. அவனை நம்பாமல் போனதை எந்த அறையில் உட்கார்ந்து நான் சொல்வது? அவன் கவுன்சலிங்கில் சொல்ல முடியாது, அது அவனுடைய நேரம். என் குற்ற உணர்ச்சிக்கு அவனையே ஆறுதல் சொல்ல வைத்துவிடுவேன். எனக்குத் தனியாக ஒரு நாற்காலி வேண்டியிருந்தது. தேடிக் கண்டுபிடித்தேன், இப்போதும் போகிறேன்.

யாருக்குமே கவுன்சலிங் சரியாகக் கிடைக்காத நிலையில் இவர்களுக்கென்று தனியாகக் கேட்பது ஆடம்பரம் என்று உங்கள் வாசகர்கள் சிலர் எழுதுவார்கள், எனக்குத் தெரியும். நான் தனிக் கட்டடம் கேட்கவில்லை. இருக்கிற ஆலோசகர்களுக்குப் பயிற்சியின்போதே இதைச் சொல்லிக்கொடுங்கள், மாற்றுத்திறனாளிகளையே ஆலோசகர்களாக வரவிடுங்கள், மொழிபெயர்ப்பாளருக்கான செலவை வருகிறவர் தலையில் கட்டாதீர்கள், எழுத்திலும் காணொலியிலும் தொடர்புகொள்ள வழி வையுங்கள். காணொலி என்றதும் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நினைக்கவும் கூடாது. நகர முடியாதவருக்கு அது வரம்தான், ஆனால் வீட்டுக்குள்ளேயே ஆபத்து இருக்கிறவருக்கு அடுத்த அறையில் யார் காது வைத்திருக்கிறார்கள் என்று தெரியாது.

போன மாதம் ஒருநாள் ஆலோசகர் என்னையும் உள்ளே கூப்பிட்டார், அவன்தான் கேட்டானாம். அட்டை மடியில் இருந்தது. படிப்பது அவர், நான் வெறுமனே உட்கார வேண்டும். அக்கா என்று தொட்டான். கிட்ட என்று தொட்டான். சொன்னேன் என்று தொட்டான். அப்புறம் ந, ம, ப. கை கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது, என்னைப் பார்த்தான், நான் வாயைத் திறக்கவில்லை. ல. ஆலோசகர் 'முடிஞ்சுதா?' என்று கேட்டார். கண்ணை மேலே தூக்கினான். ஆமாம்டா, நம்பல, என்றேன்.

இந்தக் கடிதத்தை அனுப்புவதற்கு முன் அவனுக்கு முழுக்கப் படித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் கீழே பார்த்தான், எடுத்துவிட்டேன். ஓர் இடத்தில் பாவம் என்று எழுதியிருந்தேன், அதையும் தப்பு என்ற கட்டத்தைத் தொட்டு அடிக்கச் சொன்னான். மீசையைப் பற்றிய வரி இருக்கட்டும் என்றான்.

பெயரும் ஊரும் வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி